ஒரு ஃபிரேமுக்கு 2000 சாம்பிள்: அனிமேஷனுக்கு எந்த ஆடியோ ஃபார்மட்?

அனிமேஷன் பழகுகிற தம்பி தங்கைகளிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி, ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் வரும். மறுநாள் காலை படத்தை ஒப்படைத்தாக வேண்டும். போன வாரம் ஒரு தம்பி: "அண்ணா, உதடு தள்ளிப் போகுது. முதல் சீன்ல கரெக்டா இருக்கு, போகப்போக வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்." குரல் ஃபைல் என்ன ஃபார்மட் என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வாட்ஸ்அப்ல வந்துச்சுண்ணா. நெட்ல எம்பி3 ஆக்கிப் போட்டேன்."

படம் எத்தனை பிக்சல், வினாடிக்கு எத்தனை ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்பதையெல்லாம் முதல் நாளே உட்கார்ந்து முடிவு செய்கிறவர்கள், ஒலிக்கு மட்டும் கையில் கிடைத்ததைப் போட்டுவிடுகிறார்கள். நம் சினிமாவில் நடித்து முடித்தபின் டப்பிங் பேசுவது வழக்கம். அனிமேஷனில் அது தலைகீழ். குரலை முதலில் பதிந்து, அதைக் கேட்டுக் கேட்டு, எந்த ஃபிரேமில் எந்த எழுத்து விழுகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கு வாய் வரைகிறோம். ஒலிதான் நாம் அளவெடுக்கும் டேப். டேப்பே இழுபட்டிருந்தால் சட்டை எப்படிப் பொருந்தும்?

கொஞ்சம் கணக்கு

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். கணினி அதை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறது. அந்த ஓர் அளவுதான் ஒரு சாம்பிள். வினாடிக்கு எத்தனை சாம்பிள் என்பது சாம்பிள் ரேட். சிடியில் 44,100, வீடியோ உலகத்தில் 48,000. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், அதைப் பிடிக்க இருமடங்குக்கு மேல் அளந்தால் போதும். எனவே காதுக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் வகுத்தலில் இருக்கிறது.

நீங்கள் 24 ஃபிரேம் வேகத்தில் படம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். 48,000-ஐ 24-ஆல் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 2000 சாம்பிள். 25 ஃபிரேம் என்றால் 1920. 30 என்றால் 1600. எல்லாம் முழு எண். இப்போது 44,100-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1837.5. அரை சாம்பிளை எங்கே வெட்டுவது?

அரை சாம்பிள் யார் காதிலும் விழாது, அதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம். வம்பு வேறு இடத்தில். குரல் 44,100-லும் புராஜெக்ட் 48,000-லும் இருந்து, நடுவில் ஏதோ ஒரு மென்பொருள் மாற்றாமலே 48,000 என்று எடுத்துக்கொண்டால், 60 வினாடி வசனம் 55 வினாடியில் ஓடி முடிந்துவிடும். குரலும் ஒன்றரை செமிடோன் மேலே ஏறி, தாத்தா கதாபாத்திரம் மாமா ஆகிவிடுவார். அதனால் முதல் நாளே எல்லாவற்றையும் 48,000 என்று வைத்துவிடுங்கள். சந்தாவில் இறக்கும் சவுண்ட் எஃபெக்ட், நண்பர் அனுப்பும் புல்லாங்குழல், எது 44,100-ல் வந்தாலும் ஒரே ஒருமுறை 48,000-க்கு மாற்றிவிட்டுப் பிறகு டைம்லைனில், அதாவது படத்தையும் ஒலியையும் நேர வரிசையில் அடுக்கும் பட்டையில், வையுங்கள்.

44,100 என்ற இந்த வேடிக்கையான எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: ஆரம்ப காலத்தில் டிஜிட்டல் ஒலியைப் பதிய வீடியோ டேப் இயந்திரங்களைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு வரியில் 3 சாம்பிள், ஒரு ஃபீல்டில் (வீடியோவின் அரைப் படத்தில்) 245 வரி, வினாடிக்கு 60 ஃபீல்டு. பெருக்கினால் 44,100. படத்தோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறதே என்று நாம் திட்டும் எண், படம் பதியும் டேப்பில் பிறந்த எண்தான்.

இன்னொரு எண் பிட். ஒவ்வொரு சாம்பிளையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதி வைக்கிறோம் என்பது. ஒரு பிட்டுக்குத் தோராயமாக 6 டெசிபல். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் நடுவே 16 பிட்டில் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும், 24 பிட்டில் 144. கேட்பவருக்கு 16 போதும். பதிபவருக்கு 24 நல்லது, ஏனென்றால் கிசுகிசுப்பையும் கத்தலையும் ஒரே டேக்கில் பேசுகிற குழந்தைக் குரல்காரர்கள் இருக்கிறார்கள். கத்தலுக்காக லெவலை இறக்கி வைத்துப் பதிந்தாலும், கிசுகிசுப்பைப் பிறகு உயர்த்தும்போது இரைச்சல் அதனுடன் சேர்ந்து அவ்வளவாக எழுந்து வராது.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு

ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் மூன்றெழுத்தைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். அடுப்படியில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் துவரம்பருப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், இது நமக்குச் சுலபமாகப் புரிய வேண்டும். பாட்டில் என்பது கன்டெய்னர். உள்ளே இருக்கும் பருப்பு கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி எழுதும் முறை. எம்பி4, எம்ஓவி, எம்4ஏ, ஆக் (Ogg) எல்லாம் பாட்டில்கள். ஏஏசி, வோர்பிஸ், ஓபஸ் எல்லாம் பருப்புகள். எம்4ஏ பாட்டிலுக்குள் பெரும்பாலும் ஏஏசி இருக்கும், ஆனால் ஆப்பிளின் இழப்பில்லாத கோடெக்கும் இருக்கலாம். வேவ் என்பதுகூட ஒரு பாட்டில்தான், பெரும்பாலும் சுருக்காத ஒலியை ஊற்றி வைப்பதால் அதையே சரக்கின் பெயராகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஃபைல் பெயரை எம்பி3-யிலிருந்து வேவ் என்று திருத்தி எழுதுவது லேபிளை மாற்றி ஒட்டுவதுதான். அப்படிச் செய்து அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரக்கு மூன்று வகை. சுருக்காதது: 1991-ல் மைக்ரோசாஃப்ட்டும் ஐபிஎம்மும் கொண்டுவந்த வேவ், அதற்கு மூன்று வருடம் முன்பே ஆப்பிள் கொண்டுவந்த ஏஐஎஃப்எஃப். அளந்த எண்கள் அப்படியே வரிசையாக இருக்கும், ஏதும் குறையாது. அடுத்தது இழப்பில்லாமல் சுருக்கியது: ஃபிளாக். ஜிப் ஃபைல் மாதிரி. விரித்தால் அதே எண்கள் ஒன்று விடாமல் திரும்ப வரும், இடம் ஏறக்குறையப் பாதி மிச்சமாகும். வேலை முடிந்த படத்தின் ஒலிகளைக் கட்டி மேலே வைக்க இதைவிட நல்லது இல்லை. ஆனால் எல்லா அனிமேஷன் மென்பொருளும் இதைத் திறக்காது என்பதால் வேலை நடக்கும் மேசையில் எனக்கு வேவ்தான். மூன்றாவது, இழந்து சுருக்கியது: எம்பி3, ஏஏசி, வோர்பிஸ், ஓபஸ். வம்பெல்லாம் இங்கேதான், இங்கேயே கொஞ்சம் உட்காருவோம்.

எம்பி3 எதைத் தூக்கி எறிகிறது?

மிக்ஸி ஓடும்போது பக்கத்து அறையில் யாரோ கூப்பிட்டது கேட்காது. சத்தம் வந்தது, நம் காது வரையும் வந்தது, ஆனால் நமக்குக் கேட்கவில்லை. பலத்த ஒலி ஒன்று அதன் அருகிலிருக்கும் மெல்லிய ஒலியை மறைத்துவிடுகிறது. எப்படியும் கேட்காது என்று கணக்கிட்டு அந்த மெல்லிய ஒலிகளை எறிந்துவிடுவதுதான் எம்பி3-யின் தந்திரம். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தார் முன்னின்று செய்த வேலை. தரநிலையாக 1993-ல் வெளிவந்தது, எம்பி3 என்ற பெயர் 1995-ல் ஒட்டிக்கொண்டது. 2017-ல் காப்புரிமை உரிமம் வழங்குவதும் முடிவுக்கு வந்தது. பாட்டுக் கேட்க அற்புதமான சரக்கு. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

வாய் வரைவதற்கு மட்டும் அது வேண்டாம். காரணங்களில் முதலாவது, எம்பி3 ஒலியைச் சாம்பிள் சாம்பிளாகத் தொடுவதில்லை. 1152 சாம்பிள்களை ஒரு கட்டாகக் கட்டி, கட்டுக் கட்டாகச் சுருக்குகிறது. அப்படிச் சுருக்கவும் விரிக்கவும் போகும்போது ஒலியின் தலையில் கொஞ்சம் வெற்றிடம் சேர்ந்துவிடுகிறது. பரவலாகப் பயன்படும் லேம் என்கோடரில் (எம்பி3 ஆகச் சுருக்கும் மென்பொருளில்) இது சுருக்கும்போதும் விரிக்கும்போதுமாகச் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் சாம்பிள், அதாவது அரை ஃபிரேமுக்கு மேல். ஏஏசியில் வழக்கமான அளவு 2112 சாம்பிள். 48,000-ல் அது 44 மில்லிசெகண்ட். உங்கள் ஒரு ஃபிரேம் 41.7 மில்லிசெகண்ட்தான். நல்ல மென்பொருள் இந்த வெற்றிடத்தைக் கண்டுபிடித்து வெட்டிவிடும். சிலது வெட்டாது. எது வெட்டும் எது வெட்டாது என்று படம் நடுவில் கண்டுபிடிப்பது சந்தோஷமான வேலை இல்லை.

ஒரு ஃபிரேம் போனால் என்ன என்கிறீர்களா? "அப்பா" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'அ'-வில் வாய் திறந்திருக்கிறது. 'ப்'-இல் உதடு ஒட்டுகிறது, ஒட்டிய உதடு பிரியும் நொடியில்தான் 'பா' வெடிக்கிறது. ஒலி அலையில் இந்த ஒட்டல் ஒரு பள்ளமாகத் தெரியும், மூன்று நான்கு ஃபிரேம் அளவு. அந்தப் பள்ளத்தில் மூடிய உதட்டை வைக்க வேண்டும். ஒலி ஒரு ஃபிரேம் பின்னால் தள்ளியிருந்தால், 'பா' வெடிப்பதற்கு முன்பே வாய் திறந்து காத்துக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் பொம்மை பேசுகிறது என்று தோன்றிவிடும். தமிழில் 'ப', 'ம' இல்லாமல் ஒரு வாக்கியம் பேசுவது கஷ்டம் என்பதால் இது நமக்கு ஒவ்வொரு வரியிலும் உறுத்தும்.

இதே இடத்தில் இன்னொரு கோளாறு. குறைந்த பிட்ரேட்டில், அதாவது வினாடிக்குக் குறைவான பிட் செலவில், எம்பி3 ஆக்கினால், திடீரென வெடிக்கும் ஒலிக்குச் சற்று முன்னாலேயே ஒரு மெல்லிய சலசலப்பு கசியும். வெடிப்பின் பிசிறு அதன் கட்டு முழுக்கப் பரவுவதால் வருவது. தவிலின் ஒரு அடியையோ, கதவு அறையும் சத்தத்தையோ எடுத்து 64 கேபிபிஎஸ்-இல் (வினாடிக்கு 64 ஆயிரம் பிட்) சுருக்கி, ஹெட்போனில் கேளுங்கள். அடி விழும் முன் அடியின் நிழல் விழும்.

அடுத்தது விபிஆர். ஒலி அடர்த்தியாக உள்ள இடத்தில் அதிக பிட், மௌனத்தில் குறைவான பிட் என்று பார்த்துச் செலவு செய்யும் சிக்கன முறை. இடம் மிச்சம்தான். ஆனால் டைம்லைனில் நடுவிலிருந்து கேட்கும்போது, 2-வது நிமிடம் ஃபைலில் எங்கே இருக்கிறது என்று சில மென்பொருள்கள் சராசரி போட்டு உத்தேசமாகத் தேடுகின்றன. தேடிப் போன இடம் கொஞ்சம் தள்ளியிருக்கும். அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான். அவன் நடுவில் இழுத்துக் கேட்டுக் கேட்டு வாய் வரைந்திருக்கிறான், அந்த இடத்தில் அது சரியாகவே இருந்தது. முதலிலிருந்து ஓடவிட்டால் குரல் அதன் உண்மையான இடத்தில் வருகிறது, வாய் அவன் வரைந்த இடத்தில் நிற்கிறது. தப்பு அவன் கையில் இல்லை, டேப்பில்.

கடைசியாக, ஜெராக்ஸின் ஜெராக்ஸ். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ஏற்கெனவே ஓபஸில் சுருங்கியது. அதை எம்பி3 ஆக்கினால் இரண்டாம் சுருக்கம். படத்தை ரெண்டர் செய்யும்போது, அதாவது முடிந்த வீடியோவாக எடுக்கும்போது, ஏஏசி, மூன்றாவது. யூடியூப் தன் பங்குக்கு நான்காவது. ஒவ்வொரு கையும் கொஞ்சம் எறிகிறது, எறிந்ததை யாரும் திரும்பப் பொறுக்கித் தருவதில்லை. எம்பி3-யை வேவ் ஆக மாற்றினால் தரம் ஏறிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கறந்த பால் மடி புகாது. ஃபைல் பெரிதாகும், அவ்வளவுதான். ஆனால் சுருங்கியதுதான் கையில் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால், முதல் வேலையாக அதை ஒருமுறை வேவ் ஆக்கிவிட்டுத் தொடங்குவது புத்திசாலித்தனம். தரத்துக்காக இல்லை; விபிஆர் தேடல் அதோடு ஒழியும், தலை வெற்றிடம் இருந்தாலும் இடத்துக்கு இடம் மாறாமல் ஒரே அளவில் நிற்கும்.

வேவ் பெரிசாச்சே என்பார்கள். 48,000, 24 பிட், ஸ்டீரியோ: நிமிடத்துக்கு 17 எம்பி சொச்சம். வசனத்துக்கு ஸ்டீரியோ தேவையே இல்லை. ஒரு வாய், ஒரு மைக், மோனோ போதும், அதில் பாதி. ஐந்து நிமிடப் படத்தின் முழு வசனமும் 45 எம்பிக்குள் அடங்கும். அதே ஐந்து நிமிடத்துக்கு உங்கள் ரெண்டர் ஃபோல்டரில் 7200 பிஎன்ஜி படங்கள் குவிந்திருக்கின்றனவே, அதை ஏன் யாரும் பெரிசாச்சே என்பதில்லை?

மென்பொருளுக்கு மென்பொருள்

பிளெண்டர் என்ற இலவச அனிமேஷன் மென்பொருள் வேவ், எம்பி3, ஆக், ஃபிளாக் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் உதடு தள்ளிப் போகிறது என்று ஃபார்மட்டைச் சந்தேகிப்பதற்கு முன், பிளேபேக் மெனுவில் 'சிங்க் டு ஆடியோ' தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கனமான சீனில் படம் மெதுவாக நகரும், ஒலி அதன்பாட்டுக்கு ஓடிவிடும். கோளாறு ஃபைலில் இருக்காது.

உதடு அசைவைத் தானாகக் குறித்துத் தரும் ரூபார்ப் லிப் சிங்க் என்ற இலவசக் கருவி வேவ், ஆக் வோர்பிஸ் இரண்டைத்தான் ஏற்கும். எம்பி3 கொடுத்தால் கதவையே திறக்காது. அதன் இயல்பான அமைப்பு ஆங்கில வார்த்தைகளைத் தேடும். தமிழ் வசனத்துக்கு 'ஃபொனெடிக்' என்ற இன்னொரு முறையைத் தேர்ந்தெடுங்கள், வார்த்தையை விட்டுவிட்டு ஒலியை மட்டும் பார்க்கும்.

அடோபி அனிமேட்டில், அந்தக் கால ஃபிளாஷில் இருந்தது போலவே, ஒலியை டைம்லைனில் வைக்கும்போது 'ஈவென்ட்', 'ஸ்ட்ரீம்' என்று இரண்டு முக்கியமான தேர்வுகள் வரும். ஈவென்ட் என்றால் ஒலி பட்டாசுத் திரி மாதிரி: பற்றவைத்தால் டைம்லைன் எங்கே போனாலும் அது பாட்டுக்கு வெடித்து முடியும். பட்டன் சொடுக்குக்கு அது சரி. ஸ்ட்ரீம் என்றால் ஒலிதான் தலைவர், படம் பின்தங்கினால் ஃபிரேம்களைத் தாண்டிக் குதித்தாவது ஒலியைப் பிடிக்கும். வசனத்துக்கு எப்போதும் ஸ்ட்ரீம். எத்தனை நல்ல வேவ் கொடுத்தாலும் ஈவென்டில் வைத்த வசனம் தள்ளித்தான் போகும்.

வீடியோ கேமுக்காக அனிமேஷன் செய்து யூனிட்டியில் (கேம் உருவாக்கும் மென்பொருளில்) வைக்கிறவர்களும் வேவ்தான் கொடுக்க வேண்டும். கடைசியில் அது தானே வோர்பிஸாகச் சுருக்கிக்கொள்ளும். முன்கூட்டிச் சுருக்கிக் கொடுப்பது மீண்டும் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். மழை, சில்வண்டு போலத் திரும்பத் திரும்ப ஓடும் பின்னணி ஒலிகளில் எம்பி3-யைத் தவிர்த்துவிடுங்கள். அந்தத் தலை வெற்றிடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு 'டிக்' வைக்கும். சில்வண்டு விக்கல் எடுப்பது போலிருக்கும்.

இணையப் பக்கத்தில் ஓடும் சிறு அனிமேஷனுக்கு மட்டும் எம்பி3-க்கு முன் இருக்கை கொடுப்பேன். எந்த உலாவியும் அதைத் திறக்கும். ஆக் சின்னது, நல்லது, இலவசம், ஆனால் ஆப்பிளின் சஃபாரி பல வருடம் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பக்கம் திறந்ததும் இசை தானாக ஒலிக்கும் என்று திட்டமிடாதீர்கள்; 2018 முதல் குரோம் அதைத் தடுக்கிறது, பார்ப்பவர் ஒருமுறையாவது எங்காவது தொட வேண்டும். ஜிஃப்-இல் ஒலி வராது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கேட்டிருக்கிறார்கள்.

யூடியூப்புக்கு ஏற்றும் கடைசிப் படம் எம்பி4 பாட்டிலில் ஏஏசி, 48,000. ஸ்டீரியோவுக்கு 384 கேபிபிஎஸ் என்று யூடியூப்பே பரிந்துரைக்கிறது. அங்கே போனதும் அவர்கள் மறுபடி சுருக்குவார்கள் என்பதால்தான் நாம் தாராளமாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கடைசிப் பொத்தானை அழுத்தும் வரை இழந்து சுருக்கும் எதையும் வேலைக்குள் விடாதீர்கள். ஒரே ஒரு சுருக்கம், அதுவும் வாசற்படியில்.

வெளியூரில் இருக்கும் குரல்காரரிடமிருந்து குரலை வாங்கும்போது, வாய்ஸ் நோட் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரெக்கார்டர் செயலியில் வேவ் என்று வைத்துப் பதிந்து, அந்த ஃபைலை டிரைவில் போட்டோ, வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமென்ட்' என்று இணைத்தோ அனுப்பச் சொல்லுங்கள். டாக்குமென்டாகப் போனால் ஃபைல் அப்படியே போகும்.

அந்தத் தம்பியும் அதைத்தான் செய்தான். குரல் கொடுத்த அக்காவை ராத்திரி எழுப்பி, அவர் போனில் இருந்த மூலப் பதிவை டாக்குமென்டாக வாங்கினான். 44,100-ல் இருந்தது, ஒருமுறை 48,000-க்கு மாற்றி வைத்தான். வரைந்த வாய்களையெல்லாம் அலையின் பள்ளங்களுக்கு நகர்த்தி உட்காரவைக்க ரெண்டரை மணி நேரம். விடிகாலை மறுபடி போன்.

"அண்ணா, உதடு பக்காவா உட்கார்ந்திருச்சு. ஆனா ரெண்டர் பண்ணின வீடியோல சத்தமே வரலை."

பிளெண்டரில் அவுட்புட் பகுதிக்குப் போ, வீடியோவுக்குக் கீழே ஆடியோ கோடெக் என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்றேன்.

"நோ ஆடியோன்னு இருக்குண்ணா."